வாள் இல்லாத கரைக்காவலர்

1

இந்த வருடத் தொடக்கத்தில், தங்கும் அனுமதியைப் புதுப்பிப்பதற்காக இங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், என் தொழில் என்ன என்று கேட்டார். "வகுப்புகள் வடிவமைக்கிறேன்" என்றேன். எந்தப் பள்ளியில் என்று கேட்டார். பள்ளியில் இல்லை, விளையாட்டில் என்றேன். உடற்பயிற்சி ஆசிரியையா என்றார். நம் மொழியைப் போலவே ஜெர்மன் மொழியிலும் பள்ளிக்கூட வகுப்புக்கும் நான் செய்கிற வகுப்புக்கும் ஒரே சொல்தான். எப்படி விளக்குவது என்று பதறினேன்.

அந்தப் பதற்றத்தில்தான் அது நடந்தது. ஜெர்மன் மொழியில் 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. மூன்றாவதாக, கோட்டை கொத்தளக் காலத்தில் பிரபுக்களிடம் பேசிய 'தாங்கள்' ஒன்றும் உண்டு. இன்று அதை யாரும் பேசுவதில்லை, எங்கள் விளையாட்டு மேசையில் தவிர. நான் அந்த அம்மாளிடம், "தாங்கள் அருள்கூர்ந்து இன்னொரு முறை வினவுவீர்களா" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். அந்த அலுவலகத்தில் ஒருவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அனுமதி கிடைக்கவில்லை. நிரந்தர வேலைக்கான ஒப்பந்தத்தோடு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி, தற்காலிகத் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

என் கணவர் செந்தில் கடையத்துக்காரர். இங்கே இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று சில மாதங்களாகப் பேச்சு. அவருடைய வேலையைக் காட்டித்தான் இதுவரை நாங்கள் எல்லோரும் இந்த ஊரில் இருந்தோம். இனி என் வேலையும் கணக்கில் வர வேண்டும். என் வேலையோ, சொன்னால் அலுவலகத்துக்கும் புரியவில்லை, இலத்தூரில் இருக்கிற என் வீட்டுக்கும் புரியவில்லை.

2

புரியும்படி ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். "பாழடைந்த கோபுரத்துக்குள் நுழைகிறீர்கள், மாடிப்படியில் ஏதோ மூச்சு விடுகிறது" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை ஒன்று தீர்மானிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது.

இங்கே வந்த புதிதில் மொழி பழகுவதற்காக நகர நூலகத்தில் புதன்கிழமை மாலைகளில் இந்த மேசையில் போய் உட்கார்ந்தேன். வரி, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் என்பதற்கெல்லாம் முன்பே கேடயத்துக்கும் சூனியக்காரிக்கும் நிலவறைக்கும் எனக்கு ஜெர்மன் வந்துவிட்டது. தென்காசியில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பகடையின் நிகழ்தகவு எனக்குப் புதிதில்லை. விதிகளில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டப் போய், அந்த நூலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த உல்ரிக்கே என்ற பதிப்பாளரிடம் பகுதி நேர வேலை கிடைத்தது. ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை, மூன்று பேர். அதுதான் நிறுவனம்.

வகுப்பு என்பது, விளையாடுகிறவர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஆளின் வகை. வாள்வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றுகிறவர், திருடன். ஒவ்வொரு வகுப்புக்கும் மற்ற யாராலும் முடியாத ஒன்று முடிய வேண்டும். அதற்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். மேசையில் எல்லோரும் அவரையே பார்க்கிற நேரம் ஒன்று ஒவ்வொரு ஆட்டத்திலும் வர வேண்டும். இந்த மூன்றையும் பிற வகுப்புகளின் வேலையில் கை வைக்காமல் செய்வதுதான் கஷ்டம்.

இதை என் தம்பி சுடலைமுத்துவிடம் தொலைபேசியில் விளக்கினேன். அவன் போலீஸில் இருக்கிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல ஒருத்தன் எந்த வகுப்புன்னு யாரு முடிவு பண்ணுதாக்கா?" என்றான்.

விளையாடுகிறவர்களே எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

"பொறந்ததும் எழுதிக் குடுத்துர மாட்டாவளா?"

மாட்டார்கள் என்றேன்.

"அப்பம் நல்ல விளையாட்டுதான்" என்றான். நம் பக்கத்தில் வகுப்பு என்ற சொல்லை எந்தச் சான்றிதழுக்காக, எந்தச் சண்டைக்காக எல்லாம் கேட்கிறார்கள் என்பது போலீஸ் வேலையில் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

3

புதிய விதிப் புத்தகத்தில் ஒரு வகுப்பு முழுக்க என்னுடையதாக இருக்கட்டும் என்று உல்ரிக்கே சொன்னார். அது நன்றாக வந்தால் நிரந்தர ஒப்பந்தம். உன் ஊர் வாசனை அதில் இருக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே யாரோ வரைந்து வைத்திருந்த படங்களைக் காட்டினார். புலிமேல் ஏறி வருகிற பெண், பாம்பைக் கழுத்தில் சுற்றிய சாமியார். தென்காசியில் நான் பஸ்ஸில் ஏறி வந்தவள் என்றேன். அவர் வெட்கப்பட்டு அந்தப் படங்களை எடுத்து உள்ளே வைத்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, அதற்குப் பதிலாக எதை வைப்பது என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் வெற்றுத் தாள். அப்போது ஊரில் சாரல் தொடங்கியது. சுடலைக்குக் குற்றாலத்தில் பேரருவியில் பணி போட்டார்கள். தினமும் பேசும்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஈர பூட்ஸோடு நிற்க வேண்டும். தண்ணீர் ஏறுகிற மாதிரி தெரிந்தால் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். பஸ் ஏறி, எண்ணெய் தேய்த்து, தலையைக் கொடுக்கிற நேரத்தில் வெளியே போ என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வைதுகொண்டே போவார்கள். சில நேரம் தண்ணீர் வரும். பல நேரம் வராது.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுதத் தொடங்கிவிட்டேன். கரைக்காவலர். அவருக்கு வாள் கிடையாது, மந்திரம் கிடையாது. ஆபத்து வருவதற்கு ஒரு சுற்று முன்பே அதன் அறிகுறி அவருக்குத் தெரியும், வந்தே தீருமா என்பது தெரியாது. ஒரு குரல் கொடுத்தால், மேசையில் இருக்கிற எல்லோரும் தங்கள் முறை வராமலேயே நகரலாம்.

என் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. எழுதியதை முதலில் அவளிடம் காட்டினேன். சலிப்பாக இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். அவளுக்குப் பிடித்தது ஓநாய்மேல் சவாரி செய்கிற வகுப்பு. நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு வருடங்கள் இருக்கும். இந்தக் கோடையில் ஊருக்கு வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். மாமாவிடம் பேசு என்று தொலைபேசியைக் கையில் திணித்தால் பேசுவாள். ஒரு நாள், அருவியில் பணி எப்படி என்று கேட்க நினைத்து, "மாமா, இன்னைக்கும் நீங்க தண்ணியில இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பின்னால் நின்ற அவன் மனைவி பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பு இங்கே வரை கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் விளக்கியதும் யாழினி முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். பிறகு வாரக்கணக்கில் மாமாவிடம் பேசவில்லை.

கரைக்காவலரை மேசையில் சோதித்தபோது வேறு பிரச்சினை வந்தது. எங்கள் சோதனைக் குழுவில் யோனாஸ் என்ற மாணவர் உண்டு. எந்த விதியைக் கொடுத்தாலும் அதன் ஓட்டையைத் தேடுவதுதான் அவர் வேலை. ஆபத்து இருக்கிறதோ இல்லையோ, அவர் ஒவ்வொரு சுற்றிலும் குரல் கொடுத்தார். எல்லோரும் இலவசமாக நகர்ந்து நகர்ந்து எதிரியின் மேலே போய் விழுந்தார்கள். வெளியேறு என்ற கட்டளை தாக்கு என்று ஆகிவிட்டது.

இதற்கு ஒரு விலை வைக்க வேண்டும். என்ன விலை? சுடலை ஒரு நாள் சொல்லியிருந்தான், சும்மா சும்மா விசில் ஊதினால் பிறகு ஒருவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று. அதையே விதியாக்கினேன். கரைக்காவலருக்கு நம்பிக்கைப் புள்ளிகள் உண்டு. குரல் கொடுத்து ஆபத்து வராமல் போனால் ஒரு புள்ளி குறையும். எல்லாம் தீர்ந்தால் அவர் குரலுக்கு யாரும் நகர வேண்டியதில்லை. யோனாஸால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

4

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடலை கூட்டத்தை வெளியே அனுப்பினான். தண்ணீர் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி அனுமதித்தார்கள். வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் அதைப் படம் பிடித்து, மேலே கேலியாக ஒரு பாட்டைச் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டார். சுடலை விசிலை வாயில் வைத்துக்கொண்டு கையை ஆட்டுவதை முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, அவன் ஆடுகிற மாதிரி செய்திருந்தார்கள். அது எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கும் வந்தது. யாரோ சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

மறுநாள் பேசும்போது அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, மழை உண்டா என்று நானும் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். தொலைபேசியை வைக்கப்போகும்போதுதான் சொன்னான்.

"இனிமே மேலதிகாரிக சொல்லட்டும்க்கா. சொன்னா ஊதுதேன். நானா எதுக்கு ஊதணும்?"

அது சரி என்று சொல்வதா, சரியில்லை என்று சொல்வதா? சரி என்றால் அவன் தாமதிப்பான். சரியில்லை என்றால், இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் உலர்ந்த தரையில் உட்கார்ந்துகொண்டு, அவமானப்பட்டு வந்தவனுக்குப் புத்தி சொல்கிற அக்காவாக ஆவேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க என் கைபேசியில் குற்றாலத்தின் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலைமேல் மழை என்றுதான் ஒவ்வொரு முறையும் காட்டியது. காலையில் யாழினிக்கு மதிய உணவு கட்டும்போது, பாத்திரம் கழுவும்போது, டிராமில் போகும்போது, மறுபடி மறுபடி அதை எடுத்துப் பார்ப்பேன்.

5

அடுத்த ஞாயிறு நூலகத்தில் கடைசிச் சோதனை. முடிவு செய்வதற்காக உல்ரிக்கே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். கரைக்காவலராக ஆட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் யாழினியைக் கெஞ்சி அழைத்து வந்திருந்தேன்.

கதையை நான் நடத்தினேன். மலை இடுக்கில் வறண்ட ஆறு. நடுவில் ஒரு பழைய கோயில். அதற்குள் அவர்கள் தேடி வந்த பொருள். ஆட்டம் தொடங்கியதும் யாழினி இரண்டு முறை குரல் கொடுத்தாள். இரண்டு முறையும் ஒன்றும் வரவில்லை. இருந்த இரண்டு நம்பிக்கைப் புள்ளிகளும் தீர்ந்துபோயின. விதி ஒழுங்காக வேலை செய்கிறது என்று உல்ரிக்கே குறித்துக்கொள்வதைப் பார்த்தேன்.

அப்போது என் குறிப்புகளை மறைக்க முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தட்டிக்குப் பின்னே கைபேசி துடித்தது. சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு காணொளி. பேரருவி செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற மாதிரியே இல்லை, தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. நடுநடுவே மரக்கட்டைகள். கூட்டம் ஓடுகிறது. ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காக்கி நிறத்தைத் தேடினேன். எங்குமே இல்லை.

ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு ஓடினேன். அவன் எண் கிடைக்கவில்லை. பேச்சியம்மாள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மதினி, காலைல கஞ்சி குடிச்சிட்டுப் போனாவ. இப்பம் போன் எடுக்க மாட்டுக்காவ. ஸ்டேஷனுக்கு அடிச்சா எல்லாரும் அருவிக்குப் போயிருக்காவன்னு சொல்லுதாவ. அத்தைக்கு நான் இன்னும் சொல்லல."

அம்மாவிடம் சொல்லாதே என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஏன் வந்து உட்கார்ந்தேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. நடைபாதையில் நின்றால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? கதையில் வெள்ளம் வர வேண்டிய இடம் வந்திருந்தது. அதை என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னேன். யாழினி மூன்றாவது முறையாகக் குரல் கொடுத்தாள்.

யோனாஸ் தன் தாளைப் பார்த்துவிட்டு, உன்னிடம் புள்ளி இல்லை, என் ஆள் நகர மாட்டான் என்றார். மற்றவர்களும் நகரவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரி. பகடையை உருட்டினோம். வாள்வீரன் வெள்ளத்தோடு போனான். காயம் ஆற்றுகிறவள் போனாள். கரையில் யாழினியின் ஆள் மட்டும் நின்றது.

அவள் தாளை மேசையில் வைத்தாள். இது முட்டாள்தனமான விதி என்று உல்ரிக்கேவுக்கும் கேட்கும்படி சொன்னாள். அடுத்த முறை எனக்கு நிச்சயமாகத் தெரியும்வரை குரல் கொடுக்கவே மாட்டேன், நிச்சயமாகத் தெரியும்போது தண்ணீர் எல்லோருடைய கழுத்துக்கும் வந்திருக்கும் என்றாள்.

என்னால் அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உல்ரிக்கே ஒரு கோப்பையில் தண்ணீரோடு வந்தார். தம்பி, அருவி, வெள்ளம் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஆட்டத்தை முடித்து எல்லோரையும் அனுப்பினார். யாழினி வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். ஒரு படி கீழே உட்கார்ந்து மாமாவின் எண்ணை அழைத்தாள். கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஊரில் இந்நேரம் இருட்டத் தொடங்கியிருக்கும்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யாழினி என்னிடம் நீட்டினாள்.

"எக்கா, நாந்தான். போன் தண்ணியோட போயிட்டு. ஆளு இருக்கேன்."

6

தோள் விலகி, கை எலும்பு முறிந்திருந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடந்ததை அவன் ஒரே தடவையாகச் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

மேலிருந்து சொல்லட்டும் என்றுதான் அன்றைக்கும் நின்றிருக்கிறான். தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது. பிறகு சின்னச் சின்னச் சுள்ளிகள். கொஞ்சம் பச்சை இலை. புது மண் வாசனை. தெளிவாக இருந்த தண்ணீர் டீத் தண்ணீர் மாதிரி ஆவதைப் பார்த்ததும், யார் சொல்ல வேண்டும், யார் படம் பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டதாம். விசில் தானாக வாய்க்கு வந்துவிட்டது என்றான்.

அவன் ஊதியதும் யாரும் நகரவில்லை. சிலர் கைபேசியை அவன் பக்கம் திருப்பினார்கள். முதலில் நகர்ந்தது, வாசுதேவநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பெண்கள் கூட்டம். சீசனில் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள். போன ஞாயிறு அவன் சும்மா வெளியேற்றியபோதும் அவர்கள் அங்கே இருந்தார்கள். ஈரத் தலையோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தெரியாத பெண்களின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு அவர்கள் ஏறிப் போனதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் பயம் வந்து ஆண்கள் குளிக்கிற பக்கமும் கலைந்தது.

எல்லோரும் வெளியேறிய பிறகு அவன் திரும்பினான். அதற்குள் ஒரு கட்டை வந்து தடுப்புக் கம்பியில் மோதி, அந்த வேகத்தில் இவன் படியில் விழுந்தான். மற்ற காவலர்கள் இழுத்து மேலே போட்டார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெண்கள் ஏன் முதலில் நகர்ந்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. என் விதிப்படி அவர்கள்தான் கடைசியாக நகர வேண்டியவர்கள். ஒரு முறை ஏமாந்தவர்கள். அவனிடமே கேட்டேன். அவனும் அவர்களிடம் கேட்டிருக்கிறான். கட்டுப் போட்ட மறுநாள் அவர்களில் இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தார்களாம். அதில் மூத்தவர் சொன்னதை அப்படியே சொன்னான்.

"போன வாரம் எல்லாரையும் வெரட்டிட்டு நீ மட்டும் அங்கனயே நின்னுட்டு இருந்தய்யா. ஒண்ணுமில்லாததுக்கா ஒருத்தன் கடைசி ஆளா நிப்பான்னு அப்பமே பேசிக்கிட்டோம்."

7

நம்பிக்கை குறைகிற விதியை எடுத்துவிட்டேன். யோனாஸின் ஓட்டையை அடைக்க, கரைக்காவலரின் குரலுக்கு ஆபத்தை விட்டு விலகித்தான் நகரலாம், அதை நோக்கி நகர முடியாது என்று மட்டும் வைத்தேன். அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். பிறகு புதிதாக ஒன்று எழுதினேன். குரல் கொடுத்த கரைக்காவலர், கடைசி ஆள் வெளியேறும்வரை தான் வெளியேற முடியாது. அப்படி நின்றால், ஆபத்து வந்தாலும் வராவிட்டாலும், அவர் மேல் நம்பிக்கை கூடும்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு வெகு நேரம் ஆயிற்று. தம்பியைக் கடைசியாக நிற்கவைக்கிற விதியை நானே என் கையால் எழுதுகிறேனே என்று இருந்தது. எழுதிவிட்டு அழித்தேன். வேறு எப்படி எழுதினாலும் பொய்யாக இருந்தது. மறுபடியும் அதையே எழுதினேன்.

உல்ரிக்கே ஏற்றுக்கொண்டார். நிரந்தர ஒப்பந்தம் தர அவரால் முடியவில்லை, ஒரு வருடத்துக்குத் தந்தார். செந்திலின் வேலையோடு அதையும் சேர்த்துக் காட்டியதில் அலுவலகம் இரண்டு வருட அனுமதி தந்தது. அதே அம்மாள்தான். நான் இந்த முறை வார்த்தைக்கு வார்த்தை பார்த்துப் பேசினேன். செந்திலின் தொழிற்சாலையில் இன்னும் பேச்சு ஓயவில்லை. இப்படித்தான் இருக்கிறோம்.

கையில் கட்டோடு வீட்டில் இருந்த சுடலைக்குப் பொழுது போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் அவனையும் சேர்த்து ஆடலாம் என்று சொன்னவள் யாழினி. உன்னை வைத்துத்தான் கரைக்காவலரைச் செய்தேன், நீயே அதை எடுத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். கூச்சப்பட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"திருடனக் குடு. வருசம் முழுக்க அவனுவ பின்னாலயே ஓடுதேன். ஒரு நாளாவது முன்னால ஓடிப் பாக்கேன்."

யாழினி தன் ஓநாயை விட்டுவிட்டுக் கரைக்காவலரை எடுத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. செந்தில் வாள்வீரன். அந்தப் பக்கம் பேச்சியம்மாள் பகடை உருட்டித் தந்தாள். நான் தமிழில் கதை நடத்தினேன். அதே மலை இடுக்கு, அதே கோயில். சுடலை அருமையான திருடனாக இருந்தான். பூட்டுகளைத் திறந்தான், காவலர்களை ஏமாற்றினான், செந்திலின் பையிலிருந்தே ஒரு கத்தியைத் திருடினான். கோயிலுக்குள் போய், ஒன்றன் பின் ஒன்றாகப் பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தான்.

மலைமேல் மழை என்று சொன்னேன். யாழினி உடனே குரல் கொடுத்தாள். செந்திலின் ஆள் கரையேறிவிட்டது. சுடலை சிரித்தான். இன்னும் ஒரே ஒரு பெட்டி இருக்கிறது, திறந்துவிட்டு வருகிறேன் என்றான். அடுத்த சுற்று வந்தது. தண்ணீர் கோயில் படியைத் தொட்டது. யாழினி மறுபடி கூப்பிட்டாள். அவன் மறுபடி சிரித்து, பேச்சியம்மாளிடம் பகடையை உருட்டச் சொன்னான்.

யாழினி திரைக்கு நெருக்கமாகக் குனிந்தாள். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழில் சொன்னாள்.

"மாமா, நீங்க வராம நான் வெளிய போக முடியாது. விளையாட்டுக்குச் சொல்லல. நிஜமா சொல்லுதேன். வாங்க."

அந்தப் பக்கம் பகடையின் சத்தம் நின்றது. சுடலை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்தான்.

"வந்துட்டேன்மா. வெளியதான் நிக்கேன். நீ வா."